ஏற்பி (ரிசப்டர்)

செல்லில் இருந்துகொண்டு, தன்னை வந்தடையும் வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் புரதம் ஏற்பி. ‘ஏல்’ என்ற வினையடியில் பிறந்தது ஏற்பு. அதோடு இகர விகுதி சேர ஏற்பி. இலங்கைப் பாடநூல்களில் ‘வாங்கி’. மூலம், பெற்றுக்கொள்ளுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. 1900 வாக்கில் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்.

உடல் சுரக்கும் வேதிப்பொருள்களில் ஒன்றான செரட்டோனினுக்கு ஏற்பிகள் 14 வகை. செரட்டோனின் என்ற பெயர் 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வைத்தது: ‘சீரம்’ இரத்தநீர், ‘டோன்’ இரத்தக்குழாயின் இறுக்கம். மனநிலையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. உடலின் செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான். எனவே ‘மகிழ்ச்சி இயக்குநீர்’ (இயக்குநீர்: ஹார்மோன்) என்று தமிழாக்குவது தவறு. பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூளையில் அது நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுபோகும் நரம்பியக் கடத்தி.

மதுரை பனகல் சாலை மருந்துக்கடைகளில் ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்குபவற்றில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு நீக்கிகளும் உண்டு. இவை நேரே ஏற்பியில் ஒட்டுவதில்லை. வெளிவிட்ட செரட்டோனினை நரம்பணு திரும்ப இழுத்துக்கொள்ளும் கடத்துபுரதத்தை அடைக்கின்றன. இப்படித் திரும்ப இழுப்பதை ‘மீளேற்பு’ என்று எழுதினால் ஏற்பியோடு குழம்பும். மீளுறிஞ்சல் என்பதே மேல்.

அடைப்பு சில மணி நேரத்தில் நடந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஏன்? செரட்டோனினைச் சுரக்கும் நரம்பணுவின் மேலேயே 1ஏ வகை ஏற்பிகள் உண்டு. செரட்டோனின் மிகுந்தால் அவை பிரேக் போட்டுச் சுரப்பைக் குறைக்கும். வாரக்கணக்கில் மருந்து போனபின் அவை மழுங்க, சுரப்பு ஏறுகிறது என்பது பரவலான விளக்கம். அந்த இடைவெளியில் ‘கேக்கல’ என்று நிறுத்திவிடுவோர் பலர். முதல் வாரக் குமட்டலுக்குக் காரணம் 3-ஆம் வகை ஏற்பி; சாப்பிட்டபின் போட்டால் குறையும்.

மூளையின் அடிப்பகுதியில் இயக்குநீர்ச் சுரப்பை ஆளும் ஹைப்போதலாமஸிலும் 1ஏ உண்டு. அதைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தால் இரத்தத்தில் ஏசிடிஎச், கார்ட்டிசோல் ஆகிய இயக்குநீர்கள் ஏறும். பல வாரம் மனச்சோர்வு நீக்கி எடுத்தவரிடம் அந்த ஏற்றம் குறைவு. ஏற்பி மழுங்கியதை உயிருள்ள மனிதரிடம் மறைமுகமாக அளக்க ஆய்வாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று இது.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய இயக்குநீர் வேறு: சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின். இம்மருந்துகளால் அது மிகுந்தால் உடலில் நீர் தங்கி, இரத்தச் சோடியம் சரியும். முதியவர், அதிலும் இரத்தக்கொதிப்புக்குத் தயசைடு வகை நீர்பிரிப்பு மாத்திரை போடுபவர், சித்திரை வெயிலில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்தால் ஆபத்து கூடும். தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் வந்தால் ‘வயசு’ என்று விடாமல் சோடியம் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் குறிப்பாக. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இதே வகை மருந்தான பராக்சிடின் திடீரென நின்றால் தலைசுற்றலும் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வும் வரலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.