ஒரே வாய்பாடு, வேறு மூலக்கூறு: சிமுலேஷனில் பெயர்க் குழப்பம்

எரிதலைக் கணிக்கும் மென்பொருளுக்கு வேதியியல் தெரியாது. அதற்கு மூலக்கூறின் பெயர் வெறும் எழுத்து வரிசைதான். பெயரோடு நாம் இணைத்துத் தரும் அணு எண்ணிக்கை, வெப்ப இயக்கவியல் குணகங்கள், வினைப் பட்டியல் ஆகியவற்றை மட்டுமே அது நம்புகிறது.

வினையின் இருபுறமும் அணுக்கள் சமமா என்று அது சரிபார்க்கும். அதில் சிக்காத பிழைகள்தான் ஆபத்தானவை. எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டுக்கும் வாய்பாடு சி2எச்6ஓ. ஆனால் வாயு நிலையில் இவற்றின் உருவாதல் வெப்பம் (தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல் வேறுபடுகிறது. பெயர் மாறிப் புகுந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. விடை மட்டும் தவறும்.

இதைவிட நுட்பமானது மெத்திலீன் (சிஎச்2). இதன் இரண்டு நிலைகளிலும் அணுக்களும் பிணைப்புகளும் அவையே. இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருந்தால் மும்மை நிலை, அவை இணைந்துவிட்டால் ஒற்றை நிலை. ஒற்றை நிலைக்கு மோலுக்கு ஏறத்தாழ 38 கிலோஜூல் ஆற்றல் கூடுதல்; கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்குள் நேரடியாகவே புகுந்துவிடும். அதனால்தான் 53 மூலக்கூறுகளும் 325 வினைகளும் கொண்ட, இயற்கை வாயு எரிதலுக்கான ஜி.ஆர்.ஐ-மெக் 3.0 என்ற வினைத் தொகுதி, ஒற்றை நிலையை சிஎச்2(எஸ்) என்று தனியாக எழுதுகிறது. மூலக்கூறு அமைப்பை எழுத்து வரிசையாகத் தரும் ஸ்மைல்ஸ் குறியீடும் வழக்கமான இன்ச்சி குறியீடும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. மூலக்கூறு அமைப்போடு எலக்ட்ரான் நிலையையும் எழுதிவைப்பது ஒன்றே வழி.

ஸ்மைல்ஸில் இன்னொரு கவனம் தேவை. எத்தனாலை 'சிசிஓ' என்றும் 'ஓசிசி' என்றும் எழுதலாம், இரண்டும் சரியே. ஒரே நிரலால் நியம வடிவுக்கு (ஒரு மூலக்கூறுக்கு ஒரே எழுத்து வரிசை) மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

எழுத்து வடிவமும் காலை வாரும். சி, ஓ என்ற இரு ஆங்கில எழுத்துகளில் இரண்டாவது பெரியதானால் கார்பன் மோனாக்சைடு, சிறியதானால் கோபால்ட். நைட்ரிக் ஆக்சைடின் வாய்பாடான 'என்ஓ'வை (ஆங்கிலத்தில் 'நோ' என்ற சொல்லும் இதே எழுத்துகள்தான்) மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், யாமல் என்ற தரவுக் கோப்பு வடிவத்தின் 1.1 விதிப்படி படிக்கும் நிரல் அதை 'பொய்' என்ற தருக்க மதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வினைத் தொகுதிகளை இணைக்கும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் முற்றுகிறது. ஒரே மூலக்கூறு இரு பெயர்களில் நுழைந்தால், ஒரு பெயரில் உருவாவதை மற்றொரு பெயரில் உள்ள வினைகள் செலவழிக்காது. அது தேங்கிக்கொண்டே போகும். ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு முதலில் அணு எண்ணிக்கை வாரியாகக் குழுவாக்குங்கள். பிறகு ஒவ்வொரு குழுவிலும் 298.15 கெல்வினில் உருவாதல் வெப்பத்தையும் என்ட்ரோபியையும் ஒப்பிடுங்கள். மதிப்புகள் நெருங்கியிருந்தால் ஒரே மூலக்கூறாக இருக்க வாய்ப்புண்டு. அமைப்பைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பெயரை ஒன்றாக்குங்கள்.