துலாவை மிதிக்கும் மோட்டார்

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு லெகோ பெட்டி பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மாமாவின் சூட்கேஸில்தான் வந்து சேர்கிறது. பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து கிரேனையோ காரையோ பூட்டி முடித்ததும் அது அலுமாரிக்குள் போய்விடும். கழற்றிக் கொட்டிவிட்டு, படமே இல்லாத ஒன்றைக் கட்டத் தொடங்கினால்தான் அந்தப் பெட்டியின் உண்மையான பெறுமதி தெரியும். எங்கள் ஊரில் அதற்குக் கிணற்றுத் துலாவைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

வருடம் முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள் விளைந்தன. மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்சார மோட்டாரும் வருமுன் அந்த வேலையைச் செய்தது துலா: ஓர் அச்சில் ஏறி இறங்கி ஆடும் நீண்ட மரம், அதன் முன்முனையில் தண்ணீர் அள்ளும் பட்டை தொங்கும். ஒருவர் பட்டை பிடிப்பார், ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள், இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் மாறுவார். இந்த நடையைப் பிளாஸ்டிக் துண்டுகளால் செய்துகாட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் துண்டுகளின் கணக்கு. டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட லெகோக் கட்டையின் அளவுகள் இன்றும் மாறவில்லை. மேலே இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீற்றர். 1977இல் துளையுள்ள சட்டங்களும் அவற்றோடு பொருந்தும் பற்சில்லுகளும் வந்தபோது துளைகளுக்கும் அதே 8 மில்லிமீற்றரைத்தான் வைத்தார்கள். பற்சில்லுகளை வடிவமைத்தவர்கள் செய்த கெட்டித்தனம், ஒரு பல்லுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று விட்டத்தை வைத்தது. 8 பல் சில்லின் பயன்படு விட்டம் 8 மில்லிமீற்றர். 24 பல்லுக்கு 24. 40 பல்லுக்கு 40. இரண்டு சில்லுகள் பொருந்த அச்சுகள் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்றால், இரண்டின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். 8உம் 24உம் சேர்ந்தால் 16 மில்லிமீற்றர், அதாவது சரியாக இரண்டு துளை. 8உம் 40உம் சேர்ந்தால் மூன்று துளை.

16உம் 24உம்தான் சண்டித்தனம் பண்ணும். அவற்றுக்கு வேண்டியது 20 மில்லிமீற்றர், அதாவது இரண்டரைத் துளை. நேரான சட்டத்தில் அப்படி இடம் கிடையாது. ஆனால் நிமிர்ந்து இரண்டு துளையும் பக்கவாட்டில் ஒன்றரைத் துளையும் போனால், மூலைவிட்டம் கச்சிதமாக இரண்டரை. பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 முக்கோணத்தின் பாதிதான் இது. அரைத் துளை விலகலைத் தருவதற்கென்றே சிறிய துளைக்கட்டைகள் இருக்கின்றன. பைதகரஸ் தேற்றம் பரீட்சைக்கு வெளியேயும் வேலை செய்யும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சில்லுகள் பொருந்தினால் மட்டும் போதாது, பொருந்தியபடியே நிற்க வேண்டும். பற்களின் முகம் சரிவானது. ஒன்று மற்றதைச் சுழற்றும்போது கொஞ்ச விசை அச்சுகளை விலக்கித் தள்ளவும் செய்யும். சட்டகம் தளர்வாக இருந்தால் பாரம் ஏறியதும் 'டக் டக்' என்று பல் தாண்டும் சத்தம் கேட்கும். நிறையப் பேர் அப்போது மோட்டாரைக் குறை சொல்வார்கள். குறை சட்டகத்தில். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், மெல்லிய தட்டின் உயரம் 3.2. ஒரு துளைக்கட்டைக்கு மேல் இன்னொன்றை நேரடியாக அடுக்கினால் துளைகள் 9.6 தள்ளிப்போய், நிமிர்ந்த சட்டத்தின் எந்தத் துளையுடனும் சேராது. இடையில் இரண்டு தட்டுகளை வையுங்கள்: 9.6உம் 6.4உம் 16. இப்போது நிமிர்ந்த சட்டம் ஒன்றை இரண்டு கட்டைகளுக்கும் குறுக்கே முளை அடித்துப் பூட்டலாம். இழுத்தாலும் அடுக்குப் பிரியாது.

துலாவைத் தாங்கும் ஆடுகாலுக்கும் இதே கவனம் வேண்டும். துளையுள்ள சட்டங்களால் சதுரம் கட்டினால் அது சரியும், முக்கோணம் சரியாது. ஆனால் 3, 4, 5 என்று துளைகளை எண்ணிச் சட்டம் எடுத்தால் செங்கோணம் விழாது. எண்ண வேண்டியது துளைகளுக்கு இடையிலான இடைவெளியை. 7, 9, 11 துளைச் சட்டங்களை எடுத்தால் இடைவெளிகள் 6, 8, 10. செங்கோணம் தானாக விழும்.

சரி, வேகத்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. அங்கே பெரிய சில்லு சிறிய டைனமோத் தலையைச் சுற்றியது: வேகம் கூடியது, கைக்குப் பாரமும் கூடியது. எமக்கு இப்போது வேண்டியது அதன் தலைகீழ். லெகோவின் நடுத்தர மோட்டார் பாரமில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுச் சுற்றும். விரலால் பிடித்தாலே நின்றுவிடும். 8 பல் சில்லு 24ஐச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்று, முறுக்குவிசை மூன்று மடங்கு. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு அடுக்கிலும் உராய்வு கொஞ்சம் தின்னும். திருகு போலிருக்கும் வோர்ம் கியர் ஒரே அடுக்கில் வேலையை முடிக்கும்: அது ஒருமுறை சுற்றினால் 24 பல் சில்லு ஒரு பல் மட்டுமே நகரும். உராய்வு அதிகம் என்பதால் இதைப் பலருக்குப் பிடிக்காது. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. மோட்டார் நின்றால் சில்லும் நின்றுவிடும். மறுபக்கத்திலிருந்து தள்ளி அதைச் சுழற்ற முடியாது. இந்தக் குணம் பிறகு உதவும்.

துலாவை ஆட்டச் சுலபமான வழி, மோட்டாரைக் கீழே வைத்து ஒரு வளைபிடியாலும் தண்டாலும் துலாவைத் தள்ளுவது. ஆடும்தான், ஆனால் அது துலாவைப் போன்ற ஒரு பொம்மை. உண்மையான துலாவைக் கீழிருந்து யாரும் தள்ளவில்லை. பாரம் மேலே நடந்தது. ஆகவே மோட்டாரையே துலாவில் ஏற்றி நடக்க விடுவோம். துலாவின் மேல் பற்சட்டம் பதித்து, மோட்டாரையும் வோர்மையும் ஒரு சிறு வண்டியாகக் கட்டினால், மோட்டாரே மிதிகாரர்.

கணக்கைப் பாருங்கள். துலாவின் முன்பக்கம் அச்சுலக்கையிலிருந்து, அதாவது துலா ஆடும் அச்சிலிருந்து, 10 துளை நீளம். அங்கே 5 கிராம் பட்டை, தண்ணீருக்குப் பதிலாக 15 கிராம் கட்டைகள். வண்டி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் துலாவை வால் பக்கத்தில் கட்டைகள் பூட்டி முதலில் சமப்படுத்தியாகிவிட்டது. பாரத்தை அச்சுலக்கையிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்பம்; நிறைந்த பட்டைக்கு அது 20 பெருக்கல் 10, அதாவது 200. வண்டி அச்சுலக்கைக்குப் பின்னால் நாலாவது துளையில் நின்றால் சமம், ஐந்துக்குப் போனால் பட்டை மேலே வரும். வெறும் பட்டைக்கு 50தான். வண்டி ஒன்றாவது துளையைத் தாண்டி முன்னே வந்தாலே பட்டை கிணற்றுக்குள் இறங்கும். ஆக, வண்டி நடக்க வேண்டியது வெறும் ஐந்து துளைத் தூரம், 40 மில்லிமீற்றர். வோர்ம் சுற்றும் 24 பல் சில்லின் அச்சிலேயே பூட்டிய 8 பல் சில்லு பற்சட்டத்தில் ஒரு சுற்றுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும் என்பதால், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். வோர்ம் வைத்த வண்டிக்கு இது ஆறு விநாடி வேலை. துலா சரிந்த பிறகும் வண்டி தானாக உருளாமல் பிடித்து வைப்பதும் அதே வோர்ம்தான்.

வயர்களை அச்சுலக்கைக்கு அருகே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அவை இழுக்கும் இழுவையே 5 கிராமுக்கு மேல் வந்துவிடும். அச்சுலக்கைக்கு இறுக்கமான கறுப்பு முளையைப் போடாமல் வழுக்கும் அச்சைப் போடுங்கள். எண்ணெய் விடவேண்டாம், சில எண்ணெய்கள் இந்தப் பிளாஸ்டிக்கில் வெடிப்பை உண்டாக்கும்.

ஓட்டிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வண்டி நாலாவது துளையைத் தாண்டியதும் துலா மெல்லச் சரியாது, ஒரேயடியாக விழும். வண்டியின் ஈர்ப்பு மையம் அச்சுலக்கைக்கு மேலே இருப்பதுதான் காரணம். சரியச் சரிய அது இன்னும் பின்னால் சாய்ந்து, சரிவைத் தானே கூட்டிக்கொள்கிறது. மிதிகாரருக்கும் இதே நிலைமைதான், ஆனால் அவர் காலில் உணர்ந்து அரை அடி முன்னே வந்துவிடுவார். மோட்டாருக்கு அந்த உணர்வு இல்லை. வண்டியைத் துலாவின் அடியில் தொங்கவிட்டால் ஈர்ப்பு மையம் அச்சுலக்கைக்குக் கீழே போகும். அப்போது வண்டி நகரும் அளவுக்கு மட்டும் துலா சரியும், பட்டை ஆடாமல் ஏறும். அதற்கு ஆடுகாலை இன்னும் நாலைந்து துளை உயர்த்த வேண்டியிருக்கும்.