டேப்லெட் என்னும் பலகை

போன மாதம் அக்கா தொலைபேசியில், "டேப் ஓட மாட்டேங்குதுடா, வந்தா கொஞ்சம் பாரேன்" என்றாள். போனேன். அப்பாவின் அலமாரியில் இருந்த பழைய டேப் ரெக்கார்டரை எடுத்துத் தூசி தட்டி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து, "இதை எதுக்குப் பிரிச்சே? நான் சொன்னது பாப்பா படிக்கிற டேப்பை" என்றாள். அவள் சொன்னது டேப்லெட்.

தவறு அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஆங்கிலத்தில் ஒலிநாடாவுக்கு உரிய சொல்லும் டேப்லெட்டின் சுருக்கமும் வேறு வேறு ஒலி, வேறு வேறு எழுத்து. டேப்லெட்டின் முதல் எழுத்தில் வருவது ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் இரண்டையும் 'டேப்' என்றே எழுதுகிறோம், நாளடைவில் அப்படியே சொல்லவும் சொல்கிறோம். பாட்டு கேட்ட கருவி டேப், தையல்காரர் கழுத்தில் தொங்குவது டேப், பார்சலில் ஒட்டுவது டேப், இப்போது பிள்ளைகள் கையில் இருப்பதும் டேப். 2010இல் சாம்சங் தன் கருவிக்கு 'கேலக்ஸி டேப்' என்று பெயர் வைத்தபின் இந்தச் சுருக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் வேகமாகப் பரவியது. ஏற்கெனவே மூன்று பொருளை ஒரு சொல் சுமக்கிறபோது, நான்காவதையும் சுமக்க வைக்காமல் நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. அதனால் டேப்லெட் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. 'தாபுலா' என்றால் பலகை. மேசையைக் குறிக்கும் 'டேபிள்' அதிலிருந்து வந்தது. வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போட்டுத் தரவை எழுதும் அட்டவணைக்கும் அதே சொல். விசைப்பலகையின் இடப்பக்கம் இருக்கும் 'டேப்' விசைகூட, பழைய தட்டச்சுப் பொறியில் அட்டவணை அடிக்க உதவிய 'டேபுலேட்டர்' என்பதன் மிச்சம். அந்தப் பலகை பிரெஞ்சு மொழிக்குப் போய்ச் சிறுமை விகுதி ஏற்று, 'சின்னப் பலகை' என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆக, டேப்லெட் என்றால் சிறுபலகை. அவ்வளவுதான்.

அந்தச் சிறுபலகையில் எழுதினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். உரோமானியர் மரப்பலகையைச் சற்றுக் குடைந்து, குழியில் மெழுகை நிரப்பி, கூரான கோலால் கீறி எழுதினர். கோலின் மறுமுனை தட்டையாக இருக்கும். எழுதியது வேண்டாமென்றால் அதைக் கொண்டு மெழுகை வழித்துவிட்டு மறுபடி எழுதலாம். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பே, இன்றைய ஈராக் நாட்டுப் பகுதியில் சுமேரியர் ஈரக் களிமண்ணைத் தட்டி, நாணல் துண்டால் அழுத்தி ஆப்பு வடிவ எழுத்துகளைப் பதித்தார்கள். அந்தக் களிமண் துண்டுகளையும் ஆங்கிலத்தில் டேப்லெட் என்றே சொல்வர். மோசே சீனாய் மலையில் பெற்ற கட்டளைகள் எழுதப்பட்ட கல்லுக்கும் அதே பெயர். தமிழ் விவிலியத்தைப் புரட்டினால், மொழிபெயர்த்தவர்கள் தயங்காமல் 'கற்பலகை' என்று எழுதியிருப்பது தெரியும். நாம் தேடும் சொல் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

மருந்துக்கு இந்தப் பெயர் வந்ததும் உருவத்தால்தான். மருந்துப்பொடியை அழுத்திச் சிறு தட்டையாக ஆக்கியதால் அதுவும் டேப்லெட். 1884இல் பரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனம் தன் மாத்திரைகளுக்கு 'டேப்லாய்டு' என்று வணிகப்பெயர் பதிவுசெய்தது. நிறைய மருந்தைச் சின்னதாக அழுத்தித் தருவது என்ற பொருள் மெல்லப் பரவி, செய்தியைச் சுருக்கித் தரும் சிறிய அளவுச் செய்தித்தாளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

தமிழில் மருந்துக்கு நாம் வைத்த பெயரோ வேறு திசையிலிருந்து வந்தது. மாத்திரை என்றால் அளவு. வடமொழியின் 'மாத்ரா' என்பதோடு உறவுடைய சொல். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளந்து உண்ண வேண்டிய மருந்து என்பதால் அதுவும் மாத்திரை ஆயிற்று. ஆங்கிலம் வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டது, தமிழ் அளவைப் பார்த்துப் பெயரிட்டது. இலங்கைத் தமிழர் குளிசை என்பார்கள். அது உருண்டையைப் பார்த்து வைத்த பெயர்.

இந்த வேறுபாடு தெரியாத இயந்திர மொழிபெயர்ப்பு என்ன செய்யும் என்பதை இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் பார்த்தேன். '10 அங்குல மாத்திரை, உறையுடன்' என்று போட்டிருந்தார்கள். படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. தமிழில் பொருள் வாங்க நினைத்து அந்தப் பக்கத்துக்கு வரும் ஒருவர், அதைப் பார்த்த கணத்தில் ஆங்கிலப் பக்கத்துக்கே திரும்பிவிடுவார்.

கணினி உலகில் இந்தச் சொல் நுழைந்தபோதும் எழுதும் பலகை என்ற நினைவோடுதான் நுழைந்தது. 1964இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய 'ராண்ட் டேப்லெட்' திரையே இல்லாத ஒரு தட்டை. அதன்மேல் பேனா போன்ற கோலால் வரைந்தால், பக்கத்துத் திரையில் கோடு தெரியும். 1972இல் ஆலன் கே என்ற கணினி அறிஞர் 'டைனாபுக்' என்று ஒரு கருவியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். குழந்தைகள் கையில் தூக்கிப்போய்ப் படிக்கவும் எழுதவும் வரையவும் ஏற்ற, குறிப்பேட்டு அளவிலான கணினி. அன்றைய தொழில்நுட்பம் அதற்கு இடம் தரவில்லை. 1989இல் கிரிட்பேட் என்ற டேப்லெட் வந்தது. 2002இல் மைக்ரோசாப்டின் 'டேப்லெட் பிசி' சந்தைக்கு வந்தது. 2010 ஜனவரியில் ஆப்பிள் ஐபேடை அறிவித்தபிறகுதான் வீட்டுக்கூடம்வரை இது வந்து சேர்ந்தது. அதே மாதம் ஹெச்பி நிறுவனத்தின் 'சிலேட்' என்ற கருவியும் மேடையில் காட்டப்பட்டது. ஆங்கிலக்காரர்களே சிலேட்டுக்குத் திரும்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். வழக்கில் மூன்று இருக்கின்றன: கைக்கணினி, கையடக்கக் கணினி, பலகைக் கணினி.

கைக்கணினி எளிமையானது, ஆனால் இன்று கைபேசியே கையில் இருக்கும் கணினிதான். கையடக்கக் கணினி என்ற பெயரைச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிறோம். 10 அங்குலத் திரை உள்ளங்கைக்குள் அடங்காது. மேலும் இலங்கையில் 'கையடக்கத் தொலைபேசி' என்பது கைபேசியின் பெயராக நிலைத்துவிட்டது. இரண்டு கருவிக்கும் ஒரே அடைமொழி கொடுத்தால் மறுபடி டேப் கதைதான்.

பலகைக் கணினி என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன். வேர்ச்சொல்லின் பொருளும் கருவியின் வடிவமும் அதில் ஒன்றாக வந்துவிடுகின்றன. கரும்பலகை, பெயர்ப்பலகை, விசைப்பலகை என்று பழகிய குடும்பம் அது. மதுரைச் சங்கப் புலவர்க்குச் சிவபெருமான் தந்ததாகச் சொல்லப்படும் சங்கப்பலகையும், தகுதியுள்ளவர் வந்தால் விரிந்து இடம் கொடுத்தது என்ற கதையோடு, அந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். இலக்கணமும் இடறவில்லை: பலகையாகிய கணினி என்று விரியும், 'க்' மிகுத்து எழுத வேண்டும். பேச்சில் 'பலகை' என்று மட்டும் சொன்னாலும் இடம் பார்த்துப் பொருள் விளங்கும்.

புதுச்சொல் மக்கள் வாயில் வராது என்பவர்களுக்கு மடிக்கணினியைக் காட்டுவேன். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. பள்ளிக்கூட அறிவிப்பிலும் பேருந்துப் பேச்சிலும் அந்தச் சொல் புழங்கி ஊன்றிவிட்டது. மடியில் வைப்பது என்ற பொருளில் பிறந்த சொல் அது. மடங்கிக்கொள்ளும் கருவி என்று நினைப்பவர்களும் உண்டு, கருவியும் அதற்கு ஒத்துழைக்கிறது. ஆனால் அப்படிப் பொருள்கொண்டால் வினைத்தொகையாகி 'மடிகணினி' என்று 'க்' இல்லாமல் வர வேண்டும். நாம் எழுதும் 'க்' மடியின் பக்கம் நிற்கிறது.

என் அப்பத்தாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பாப்பா கையில் இருந்ததை முதன்முதலாகப் பார்த்தபோதே, "சிலேட்டுல படம் ஓடுது பாரு" என்றாள். பலப்பத்தால் எழுதி, கோவை இலையும் கரியும் தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்கிய தலைமுறை. அவள் கண்ணுக்கு அதன் குடும்பம் உடனே தெரிந்துவிட்டது.

பலகை கிடைத்தால் கோலும் கிடைத்துவிடுகிறது. இதனுடன் வரும் 'ஸ்டைலஸ்', உரோமானியர் மெழுகைக் கீறிய அந்தக் கோலின் பெயர்தான். நம்மிடம் எழுத்தாணி இருக்கிறது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைவகையாக ஓலையில் எழுதிப் பழகிய சொல். அதைப் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, எடுத்துப் பயன்படுத்தினால் போதும். ஓவியர்கள் கணினியோடு இணைத்து வரையும் திரையில்லாத் தட்டைக்கு 'வரைபலகை' பொருந்தும். அது வினைத்தொகை, ஆகவே 'ப்' மிகாது.

அக்கா வீட்டுப் பலகையில் மின்னேற்றும் துளைக்குள் பஞ்சு அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டேன், ஓடுகிறது. டேப் ரெக்கார்டரின் பெல்ட் உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. அதை மாற்ற இந்த வாரம் எடுத்துப் போகிறேன்.