ஏலச் செய்தியைப் பார்த்து கார் வாங்காதீர்கள்

இதே கதையோடு வருபவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். 2022 தொடக்கத்தில் ஏலத்தில் ஒரு 1973 போர்ஷே 911 எடுத்திருப்பார், கம்பெனிப் பங்கு ஏறியிருந்த நேரம், கையில் காசு புரண்டது. இப்போது விற்க வேண்டும், போட்ட காசாவது வருமா என்று கேட்பார். வராது என்றால் என்னைத்தான் முறைப்பார். அப்புறம் செல்போனை நீட்டி, "அண்ணா, இதே வண்டி மான்டரே ஏலத்துல இவ்வளவுக்குப் போயிருக்கே?"

கலிஃபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பரிசோதித்து மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த 'இதே வண்டி'தான் என் கழுத்தை அறுக்கிற வார்த்தை. அது இதே மாடல், அவ்வளவுதான். பிறந்தபோது வந்த எஞ்சினா, பிறகு மாற்றியதா, யார் கையில் இருந்தது, பழைய ரசீதுகள் இருக்கின்றனவா, தகரம் எத்தனை முறை வெட்டி ஒட்டப்பட்டது, இதில் எது மாறினாலும் விலை பாதியாகும், இரட்டிப்பாகும். டொயோட்டா 2000ஜிடியைப் பாருங்கள். மொத்தமே சுமார் 350 கார்கள்தான் செய்தார்கள். 2013-ல் ஒன்று 1.155 மில்லியன் டாலருக்குப் போனது. உடனே எல்லா 2000ஜிடியும் மில்லியன் டாலர் கார் என்று பேச்சு கிளம்பியது. கொட்டகையில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள், சில வருஷத்தில் விலை மில்லியனுக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. பிறகு 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் அமீலியா ஐலண்ட் ஏலத்தில் ஒன்று 2.535 மில்லியனுக்குப் போனது. பார்த்தீர்களா, ஏறிவிட்டது என்று அன்றைக்கே எனக்கு போன். அது அமெரிக்கப் பந்தய ஜாம்பவான் கேரல் ஷெல்பியின் அணி 1968-ல் பந்தயத்தில் ஓட்டிய கார் ஐயா! உங்கள் காரை ஷெல்பி தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஏல விலை என்பது அன்றைக்கு அந்தக் கூடத்தில் பிடிவாதமான இரண்டு பேர் இருந்தார்கள் என்பதற்கான சாட்சி. அதில் ஒருவர் காலையில் விமானத்தைத் தவறவிட்டிருந்தால் விலையே வேறு.

செய்தியில் வரும் தொகையும் முழு உண்மை சொல்லாது. ஏலத்தை முடிக்கும் சுத்தியல் 2 லட்சம் டாலரில் விழுகிறது என்று வையுங்கள். வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குக் கட்டணம் தர வேண்டும், பெரிய ஏலங்களில் பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம். 12 என்றால் செய்தியில் வருவது 2,24,000. விற்றவரிடம் 10 சதவீதக் கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வருவது 1,80,000. நீங்கள் விற்கும்போது நீங்கள் அந்த 1,80,000 ஆள், செய்தியில் வந்த ஆள் கிடையாது. இன்னொன்று, ஏலத்துக்கு முன் அச்சிடும் மதிப்பீட்டில் இந்தக் கட்டணம் சேராது, முடிவு விலையில் சேரும். மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது என்ற கொண்டாட்டத்தில் பாதி இந்தக் கணக்குதான்.

விற்காமல் திரும்பிய கார்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2019 ஆகஸ்டில் மான்டரேயில் 1939 போர்ஷே டைப் 64 மேடைக்கு வந்தது. ஏலம் விட்டவர் 13 மில்லியன் என்றதைத் திரையில் 30 என்று போட்டுவிட்டார்கள், அது 40, 50, 60 என்று ஏறி 70-ஐத் தொட்டது, கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அப்புறம்தான் 17 என்று திருத்தினார்கள். ஊளைச் சத்தம், கார் விற்காமலே போனது. அந்த ஆரவாரத்தில் நிற்கும்போது உங்கள் கை தானாக உயரும், நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் நிலம் மாதிரி, இறங்காது என்கிறவர்களுக்கு: 1988-ல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு, ஜப்பானியப் பணம் கொட்டிய நேரத்தில், ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 13 மில்லியன் டாலர் வாக்கில் கைமாறியது. ஜப்பானின் நீர்க்குமிழி வெடித்ததும், 1990களின் நடுவில் அதே மாடல் 3 மில்லியன் அளவுக்கு விழுந்தது. 2023-ல் ஒன்று 51.7 மில்லியனுக்குப் போனது உண்மைதான். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது, அவ்வளவு காலம் உங்களால் உட்கார முடியுமா? 2022-ல் அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியதும் இந்தச் சந்தை மூச்சு வாங்க ஆரம்பித்தது, அதிலும் நடுத்தர விலைக் கார்கள் முதலில். கூடவே ரசனையும் நகர்கிறது. இன்று நாற்பதுகளில் இருப்பவர்கள் சிறு வயதில் சுவரில் ஒட்டியிருந்த காரைத்தான் தேடுகிறார்கள்.

அந்த 911-க்கு வருகிறேன். பின்சக்கரத்துக்கு மேல் வண்ணத் தடிமன் மானியை வைத்தேன். கம்பெனி வண்ணம் என்றால் 100, 150 மைக்ரான் காட்டும். இங்கே 900-ஐத் தாண்டியது. அடியில் இருப்பது ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. 1976 மாடலுக்கு முந்தைய 911-களின் உடல் முழுதும் துத்தநாகப் பூச்சு கிடையாது, துரு தின்றிருக்கும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்க மனமில்லை, புகைப்படங்களை நம்பி எடுத்தாராம்.

தயவுசெய்து, ஆள் அனுப்பிக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள். சேஸி (அடிச்சட்டம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு விலையைப் பார்க்காமல், ஒரே நிலையில் உள்ள கார்களின் இரண்டு வருட விலைகளைப் பாருங்கள், விற்காமல் போனவற்றையும் சேர்த்து. கட்டணம், வரி, லாரிக் கூலி, காப்பீடு எல்லாம் கூட்டி உச்ச வரம்பை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஓட்டிப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள், நானே கூட வருகிறேன். வீட்டை அடமானம் வைத்து லாபத்துக்காக வாங்கப் போகிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.