நோமோபோபியா: சொல் விளக்கம்

கைப்பேசி கையில் இல்லாதபோது, சார்ஜ் தீரும்போது, சிக்னல் போய்விடும்போது வரும் பதற்றத்துக்குப் பெயர் நோமோபோபியா. 'நோ மொபைல் போன் போபியா' என்பதை வெட்டி ஒட்டிய சொல். 2008-ல் பிரிட்டனின் அஞ்சலக நிறுவனத்துக்காக யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நடத்திய ஆய்வில் பிறந்தது. வால் மட்டும் பழசு: கிரேக்கத்தில் ஃபோபோஸ் என்றால் பயம்.

அந்த வாலோடுதான் எனக்குச் சண்டை. பாம்பு, உயரம், இருட்டு என்று எதிரில் இருப்பதற்கு அஞ்சுவது போபியா. இதுவோ இல்லாமல் போவதற்கு அஞ்சுவது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கோயமுத்தூர்க் கல்லூரி டூர் பஸ் ஏறுகிறபோது பாருங்கள், பாறையில் வரையாடு நின்றாலும் சில கண்கள் போனில் கோடு ஏறுகிறதா என்றே பார்த்திருக்கும். "ஏனுங் அண்ணா, மேல டவர் கெடைக்குங்ளா?" என்று டிரைவரிடம் கேள்வி வேறு.

எது போய்விடும் என்று இந்தப் பயம்? அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் பேசி, 2015-ல் 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் நான்கு பயங்கள்: பேச முடியாமல் போவது, தொடர்பு அறுவது, தகவல் கிடைக்காதது, வசதி போவது. முதல் இரண்டும் போனைப் பற்றியவை அல்ல, ஆட்களைப் பற்றியவை. தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த பிள்ளைக்கு, "சாப்ட்டயா கண்ணு" என்கிற அம்மா குரலும் பள்ளிக்கூடத் தோழிகளின் குரூப்பும் அந்தக் கருவிக்குள்தான் இருக்கின்றன. நாம் இல்லாத நேரத்தில் அங்கே என்ன பேசிச் சிரித்தார்களோ என்ற நெருடல் தூங்க விடாது. அப்புறம், லைக் எப்போது வரும் என்று தெரியாததும் ஒரு காரணம். எத்தனை கொத்துக்கு இரை விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் விடாமல் கொத்தின என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் தம் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்.

'போன் அடிமை' என்று வீட்டில் திட்டுவது அளவு மீறிய பழக்கத்தை. நோமோபோபியா, போன் பிரிந்தால் வரும் தவிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு உண்டு, இது இல்லை.

சரி, தமிழில்? போபியாவுக்கு 'வெருளி' என்ற கலைச்சொல் இருக்கிறது. அதை வைத்து 'கைப்பேசி இன்மை வெருளி' எனலாம். ஆனால் வெருள்வது மாடு மிரள்வதைப் போலத் திடுக்கிடுவது. குறளின் 116-ஆம் அதிகாரத் தலைப்பே இதற்குப் பொருத்தம்: பிரிவாற்றாமை, அதாவது பிரிவைப் பொறுக்க முடியாமை. எழுத்தில் 'கைப்பேசிப் பிரிவாற்றாமை' என்றே எழுதலாம். பேச்சுக்குப் 'போன் தவிப்பு' போதும்: "புள்ளைக்குப் போன் தவிப்பு வந்துருச்சுங், டவர் இருக்கற எடத்துல சித்த நிறுத்துங்க."