"எரர் எதுவும் வரலையே சார்"

போன வாரமும் ஒன்று வந்தது. ஒரு ஹார்டுவேர் கடைக் கணக்கு. ரேட் லிஸ்ட் கோட் எண் வரிசையில் தனி ஷீட்டில், பில் ஷீட்டில் விலுக்கப் (VLOOKUP), அதாவது கோடைக் கொடுத்தால் லிஸ்டில் தேடி விலையை எடுத்துத் தரும் எக்ஸல் ஃபங்ஷன். 1046 மூன்று அங்குலக் கீல், 1047 நான்கு அங்குலம். 1047-ஐ ரேட் லிஸ்டில் ஏற்ற மறந்துவிட்டார்கள். ஆனாலும் பில்லில் விலை வந்திருக்கிறது, மூன்று அங்குலத்தின் விலை. மூன்று வாரம் பெரிய கீலைச் சின்னக் கீலின் விலைக்கே விற்றிருக்கிறார்கள். கணக்கு எழுதும் தம்பியைக் கேட்டால், "எரர் எதுவும் வரலையே சார்" என்கிறார்.

ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து இதை எத்தனை தடவைதான் கேட்பது!

விலுக்கப் என்று எழுதி அடைப்புக்குறி திறந்ததும் கீழே ஒரு சின்னப் பட்டை வருகிறதே, அதை யாராவது படிக்கிறீர்களா? நான்கு இடம் காட்டும். கடைசி இடம் மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். 'அப்படியென்றால் அது தேவையில்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறீர்கள். தேவையில்லை என்று அது சொல்லவில்லை. 'நீ சொல்லாவிட்டால் நானே ஒன்றை வைத்துக்கொள்வேன்' என்கிறது. இங்கே அது வைத்துக்கொள்வது ட்ரூ, அதாவது தோராயப் பொருத்தம். கேட்ட எண் லிஸ்டில் இல்லையா, அதற்கு முந்தைய எண்ணை எடுத்துக்கொள்ளும். வருமான வரி ஸ்லாப் பார்க்க அருமையான வசதி, ஐட்டம் கோடுக்கு வைத்தால் வினைதான். லிஸ்ட் வரிசையில் இல்லாவிட்டால் எதை எடுத்துத் தரும் என்றே சொல்ல முடியாது. ஃபால்ஸ் என்றோ 0 என்றோ போட்டிருந்தால் 1047-க்கு நேராக 'கிடைக்கவில்லை' என்பதற்கான என்/ஏ (#N/A) எரர் நின்றிருக்கும், முதல் பில்லிலேயே பிடித்திருக்கலாம். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபீஸ் கால்க்கிலும் இதே கதைதான். (என்/ஏ அசிங்கமாக இருக்கிறது என்று இஃப்எரர் (எரருக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் ஃபங்ஷன்) போட்டு மூடுகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

தம்பி அந்த ஃபார்முலாவை ஒரு வீடியோவில் பார்த்து எழுதினாராம். வீடியோ பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கம் எக்ஸலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்முலா பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்துங்கள், அல்லது ஷிஃப்ட் + எஃப்3. ஃபங்ஷன் பெயர் தெரியாவிட்டால் என்ன வேண்டும் என்று இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் எழுதித் தேடலாம். பெயர் தெரிந்தால் அடைப்புக்குறி வரை எழுதிவிட்டு கன்ட்ரோல் + ஏ. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி விளக்கம் வரும். கட்டாயமானவை தடித்த எழுத்தில் இருக்கும், நிரப்ப நிரப்ப விடையும் அடியில் தெரியும். கீழே இடது மூலையில் இருக்கும் இணைப்பைத் தட்டினால் முழு உதவிப் பக்கம். கால்க்கில் இதற்கு கன்ட்ரோல் + எஃப்2. கூகுள் ஷீட்ஸில் எழுதும்போதே உதாரணத்தோடு அட்டை வரும், தொந்தரவு என்று அதை மூடி வைத்திருப்பீர்கள். எக்ஸலில் செல்லைத் திருத்த எஃப்2-வுக்குப் போகும் விரல் எஃப்1-இல் பட்டு உதவி திறக்கிறதே என்று அந்தக் கீயையே பிடுங்கிப் போட்டவர்களும் எங்கள் தொழிலில் உண்டு!

உதவிப் பக்கத்தை ஏன் படிக்கச் சொல்கிறேன் என்றால், எச்சரிக்கை அங்கேதான் இருக்கும். ஊழியரின் பணிக்காலத்தை வருடம், மாதம், நாளாகப் பிரிக்க எல்லோரும் டேட்டிஃப் (DATEDIF) போடுகிறீர்கள். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளின் ஃபைல்களுக்காக வைத்திருக்கும் ஃபங்ஷன் அது, எழுதும்போது பட்டியலில்கூட வராது. அதில் மீதி நாளைக் கேட்கக் கொடுக்கும் 'எம்டி' ("MD") தப்பான விடை தரக்கூடும், பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விலுக்கப்புக்குப் பதிலாக வந்த புதிய ஃபங்ஷன் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) சொல்லாமலே சரியான பொருத்தம்தான் தேடும், நல்லது. ஆனால் எக்ஸல் 2016, 2019-இல் அது கிடையாது. ஃபைலை அனுப்புவதற்கு முன், அதை வாங்குபவரிடம் எந்த எக்ஸல் இருக்கிறது என்று கேளுங்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யுங்கள். புதிதாக லுக்கப் எழுதி முடித்ததும், லிஸ்டில் இல்லவே இல்லாத ஒரு கோடை அடித்துப் பாருங்கள். அதற்கும் ஒரு விலை வந்து நின்றால், அந்த ஷீட்டில் பில் போடாதீர்கள்.