பெண்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை: எங்கே தவறவிடுகிறார்கள், எதைக் கேட்டுப் பெற வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் உறுதியானால் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக நிக்ஷய் போஷன் யோஜனாவில் மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன்பு 500. திட்டம் இவ்வளவுதான். பெண்கள் பலர் அதன் வாசலிலேயே, சளி டப்பாவோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

டப்பாவைக் கையில் கொடுத்து, "துப்பிட்டு வாங்கம்மா" என்பதோடு சரி. எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் நெஞ்சிலிருந்து காறித் துப்பக் கூசி, தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பித் தருகிறார்கள். எச்சிலில் கிருமி சிக்குவது அரிது. 'நெகட்டிவ்' என்று எழுதி இருமல் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். நோய் உள்ளே வளர்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சளி எடுக்கும் முறையை விளக்கிச் சொன்னதாலேயே கூடுதலான பெண்களுக்கு நோய் கண்டறியப்பட்டது. அந்த இரண்டு நிமிடத்தைக்கூட ஒதுக்காததற்கு எந்த நியாயமும் இல்லை.

உங்களுக்குச் சொல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆள் இல்லாத திறந்தவெளிக்குப் போய், இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் போல நுரைத்தால் அது எச்சில். காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி நல்லது. நெகட்டிவ் என்று வந்தும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். மார்பு எக்ஸ்ரேயும், கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனையும் கேளுங்கள். இவற்றுக்கும் கட்டணம் இல்லை.

பணம் வராமல் போவது பெரும்பாலும் வங்கிக் கணக்கால். நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு பெயரும் என்றால் தொகை நின்றுவிடும். சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே வங்கிக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலும் உதவித்தொகை உண்டு. நோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் அவர்களுக்குக் கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் உங்களுக்குத் தரப்படும் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எண் இல்லையென்றால் பதிவே நடக்கவில்லை.

உடம்பு முடியாமல் தாய்வீட்டுக்குப் போனால், "பதிவு செய்த ஊரிலேயே மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நம்பாதீர்கள். நிக்ஷய் பதிவை வேறு ஊர் மையத்துக்கு மாற்ற முடியும். அதைச் செய்ய வேண்டியது ஊழியர்தான். மறுத்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள். அதுவரை ஒருநாள் மருந்தையும் விடாதீர்கள்.